கம்பைல் நேரத்தைத் தின்ற சூடு: ஒரு மடிக்கணினியுடன் ஐந்து ஆண்டுகள்

இன்டெல் கோர் ஐ7-8550யு ப்ராசஸர் கொண்ட மெல்லிய மடிக்கணினி ஒன்றை 2018இல் வாங்கினேன். ஐந்து ஆண்டுகளாக அதில்தான் சி++ நிரல் எழுதிக் கம்பைல் செய்துவருகிறேன், அதாவது எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றிவருகிறேன். தொடக்கத்தில் முழுத் தொகுப்பையும் புதிதாகக் கம்பைல் செய்ய 22 நிமிடம் ஆனது. நான்காம் ஆண்டு, திருச்சிக் கோடையில், அது 38 நிமிடமாயிற்று. நிரல் பெருத்துவிட்டதே காரணம் என்று முதலில் எண்ணினேன். ஐயம் தீர, 2018ஆம் ஆண்டுப் பதிப்பையே எடுத்து, அன்றைய கம்பைலரையே நிறுவிச் சோதித்தபோது அதற்கும் 33 நிமிடம் பிடித்தது. ஆக, ஐந்து நிமிடத்துக்கு மட்டுமே நிரல் பொறுப்பு. மீதி பதினொன்றும் கணினியின் கணக்கு.

இந்த ப்ராசஸருக்கு நான்கு கோர் (கணிக்கும் அலகு), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). அடிப்படை வேகம் 1.8 கிகாஹெர்ட்ஸ், டர்போ எனப்படும் குறுகிய நேர வேகத்தின் உச்சம் 4.0 கிகாஹெர்ட்ஸ், வகுக்கப்பட்ட மின் அளவு 15 வாட். இணையப் பக்கம் திறப்பது போன்ற வேலைகள் சூடு தேங்கும் முன்பே டர்போவில் முடிந்துவிடுவதால், அன்றாடப் பயன்பாட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை. கம்பைல் அப்படிப்பட்டதன்று: நூற்றுக்கணக்கான மூலக் கோப்புகள் வரிசையில் நிற்க, எட்டு த்ரெட்டும் நிமிடக் கணக்கில் ஓய்வின்றி உழைக்கின்றன. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடும் டர்போ எண்ணுக்கு இங்கே அதிக மதிப்பில்லை. கடைசிவரை நீடிக்கும் வேகமே நேரத்தைத் தீர்மானிக்கிறது.

வேகம் குறைந்தாலே சூடுதான் காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மின் வரம்பை எட்டினாலும் ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டையும் பிரித்தறிய லினக்ஸில் டர்போஸ்டாட் என்ற கருவியை ஓடவிட்டேன். வெப்பம் 97 டிகிரிக்கு மேலேயே நின்றது, வேகம் 1.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது அடிப்படை வேகத்துக்கும் கீழே. செலவான மின்சாரமோ 10 வாட்தான். மின் வரம்பு தடுத்திருந்தால் 15 வாட்டைத் தொட்ட பிறகே வேகம் இறங்கியிருக்கும். பத்து வாட்டின் வெப்பத்தைக்கூட வெளியேற்ற இயலாத நிலைக்குக் குளிர்விப்பு அமைப்பு வந்துவிட்டது என்பதே இதன் பொருள். 100 டிகிரி இந்த ப்ராசஸரின் உச்ச வரம்பாதலால், அதை நெருங்கியதும் அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை வெட்டுகிறது. இயங்குதளத்தின் மையமான கர்னலின் பதிவிலும் அதைச் சொல்லும் வரிகள் குவிந்திருந்தன.

முதலில் வாங்கிய கூலிங் பேட் வீண்செலவு; இரண்டு நிமிடம்கூட மிச்சமாகவில்லை. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான், விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்கின் செம்புத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளித் துண்டுபோல் படிந்து காற்றின் வழியை அடைத்திருந்தது தெரிந்தது. வெளியிலிருந்து ஊதினால் அது விசிறிப் பக்கம் நகருமே தவிர வெளியே வராது. ப்ராசஸரின் வெப்பத்தை ஹீட் சிங்குக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடிந்திருந்தது; அதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினேன். அதன் பிறகு 15 வாட்டில் 80 டிகிரியைத் தாண்டவில்லை, வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸில் நிலைத்தது, பழைய பதிப்பு 23 நிமிடத்தில் முடிந்தது.

ப்ராசஸரின் மின்னழுத்தத்தைச் சற்றே குறைத்து, சூட்டைத் தணித்தும் சில காலம் பயன்பெற்றேன். இதே வசதியைத் தவறாகப் பயன்படுத்தும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை 2019 டிசம்பரில் வெளியானதை அடுத்து வந்த பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு அந்த வசதியைப் பூட்டிவிட்டது. காரணம் நியாயமானதே என்றாலும் எனக்கு அது இழப்புதான்.

சூடு மிகுந்திருந்த நாள்களில் கண்ட ஒரு விந்தையையும் குறிப்பிட வேண்டும். எட்டு வேலைகளை இணையாக ஓட்டுவதற்குப் பதில் நான்காகக் குறைத்தபோது கம்பைல் நேரம் இரண்டு நிமிடமே கூடியது. வெப்பம் கட்டிப்போட்ட கணினியில் கூடுதல் த்ரெட்டுகளால் விசிறிச் சத்தத்தைத் தவிரப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. கம்பைலான துண்டுகளை ஒன்றாக இணைக்கும், இறுதியில் வரும் லிங்க் கட்டம் மட்டும் ஒற்றை த்ரெட்டில் ஓடுவதால், அப்போதும் ப்ராசஸரின் வேகம் மூன்று கிகாஹெர்ட்ஸுக்கு மேல் சென்றது.

இப்போது முந்தைய கம்பைல் முடிவுகளைச் சேமித்துவைக்கும் சிகேஷ் என்ற கருவியை நிறுவியிருப்பதால், மாறாத கோப்புகள் மீண்டும் கம்பைல் ஆவதில்லை; முழுக் கம்பைல் வாரத்துக்கு ஒருமுறைதான் தேவைப்படுகிறது. அடிமூடியைக் கழற்றித் தூசி நீக்கும் வேலையை ஆண்டுதோறும் பங்குனியிலேயே, அக்கினி நட்சத்திரத்துக்கு முன்பாக, முடித்துவிடுகிறேன்.