தருமபுரியில் ஒரு மரச்செக்கு: எட்டு மாதப் பழக்கத்துக்குப் பின்

தருமபுரி நகரத்தை ஒட்டி இயங்கும் மரச்செக்கு ஒன்றில் கடந்த 8 மாதங்களாக எண்ணெய் வாங்கி வருகிறேன். பாக்கெட் ரீஃபைண்டு எண்ணெயை விட்டுவிட்டு அங்கே போனதற்கு, மார்கழிப் பனியில் வெள்ளை பூத்து வெடிக்கும் என் அம்மாவின் கால் தோலும், இரவில் எதைத் தின்றாலும் நெஞ்சு கரிக்கிறது என்னும் என் கணவரின் புலம்பலுமே காரணங்கள். கடைச் சுவரில் தொங்கும் பலகை இரண்டுக்கும் மருந்து சொல்கிறது: தோலுக்குத் தேங்காய் எண்ணெய், செரிமானத்துக்கு நல்லெண்ணெய், மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய். கடையின் வேலையைப் பாராட்டுகிறேன், பலகையை நம்பவில்லை.

முதலில் வேலையைச் சொல்கிறேன். இங்கே எண்ணெய் வாங்கவும் செய்யலாம், நம்முடைய கடலையைக் கொடுத்துக் கூலிக்கு ஆட்டிக்கொள்ளவும் செய்யலாம். ஊர்க்காட்டில் மானாவாரியாக விளைந்த நிலக்கடலையை உடைத்து 10 கிலோ பருப்பு கொண்டுபோன அன்று, செக்கு ஓட்டுபவர் ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "சத்தமே வரலையேக்கா, இன்னும் ஒரு வெயில் காட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுமுறை போனபோது, கறுத்தும் சுருங்கியும் கிடந்த பருப்புகளை முறத்தில் பரப்பிப் பொறுக்கி எறியச் சொன்னார். அது வெறும் சுத்தத்துக்காக அன்று. பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு ஈரலைக் கெடுப்பது; ரீஃபைண்டு ஆலையில் காரக் கரைசலாலும் (ஆல்கலி) நிறம் நீக்கும் வெளுப்பு மண்ணாலும் பெரும்பகுதி நீங்கிவிடும் அந்த நஞ்சு, செக்கு எண்ணெயில் அப்படியே தங்கிவிடக்கூடும் என்பதால், செக்கு எண்ணெயின் தரம் மரத்தில் இல்லை, பருப்பைப் பொறுக்கும் கையில்தான் இருக்கிறது. அன்று எனக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மேல் எண்ணெயும், மாட்டுக்கு ஐந்தரை கிலோ பிண்ணாக்கும் கிடைத்தன.

நல்லெண்ணெய்தான் இந்தக் கடையின் சிறப்பு. கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறார்கள். கசப்பில்லை, மணம் தூக்கலாக இருக்கிறது. ஆனால் கருப்பட்டியின் இரும்புச்சத்து எண்ணெயில் இறங்குவதாகப் பலகை சொல்வது சரியன்று. வெல்லச் சத்து எண்ணெயில் கரையாது; அது பிண்ணாக்கோடு போய்விடுகிறது, பலன் மாட்டுக்கே.

தோலுக்கு எதைச் சாப்பிடுவது என்று பார்த்தால் பலகை தலைகீழாக இருக்கிறது. தோலின் ஈரத்தைக் காக்கும் லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தை நம் உடலால் உருவாக்கிக்கொள்ள முடியாது, உணவில்தான் வரவேண்டும். அது மிகக் குறைந்தால் தோல் உலர்ந்து செதில் செதிலாகும். நல்லெண்ணெயில் அது ஏறக்குறைய 40 சதவீதம். தேங்காய் எண்ணெயிலோ 2 சதவீத அளவுதான், அதன் கொழுப்பில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட்). ஆகவே சமையலுக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாற்றி மாற்றி, பூச மட்டும் தேங்காய் எண்ணெய் என்று வைத்துக்கொண்டேன். குளித்து ஈரம் உலரும் முன் பூசியதில் அம்மாவின் கால் வெடிப்பு நன்றாகவே குறைந்தது. அதையே முகத்தில் தடவிய மகளுக்கு ஒரே வாரத்தில் பருக்கள் வந்துவிட்டன. எண்ணெய்ப் பசை முகத்துக்கு அது துளைகளை அடைத்துவிடும்.

கணவரின் நெஞ்சு கரிப்பு எண்ணெயை மாற்றியதால் குறையவில்லை. எந்த எண்ணெயானாலும் 1 கிராமுக்கு 9 கலோரிதான்; கொழுப்பு மிகுந்தால் வயிறு காலியாகத் தாமதமாகும், கரிப்பும் கூடும். செக்கு எண்ணெய் நல்லது என்ற தைரியத்தில் முதல் இரண்டு மாதம் தோசைக்கு நானே தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தேன்! இரவுத் தோசையின் எண்ணெயைப் பாதியாக்கிய பிறகே அவர் நிம்மதியாகப் படுத்தார். செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும் என்பதால் வடை, பஜ்ஜிக்கு அதைச் சட்டியில் வைத்துத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் கிடையாது.

குறைகளும் உண்டு. பிளாஸ்டிக் கேனில் ஆட்டிய தேதியோ 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோ இல்லை. ஒருமுறை தெளிய விடாமல் கொடுத்த கடலை எண்ணெய், அடியில் மண்டி தங்கி, மூன்றே வாரத்தில் காறல் வாடை அடித்தது. கேட்டதும் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு மாதம் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்லி யோசனை வேறு சொல்கிறார்கள். அது குடலைத் தூண்டிப் பேதியாக்குவது. மருத்துவரைக் கேட்காமல் குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் கொடுக்கவே கூடாது.

இப்போது எவர்சில்வர் தூக்கோடு போகிறேன், எண்ணெய் தெளிந்ததா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குகிறேன், ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்குவதில்லை. இவர்களுடைய தேங்காய் எண்ணெயில் புகைபோட்ட கொப்பரை வாடை இருப்பதால், அதை மட்டும் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன்.