30 வோல்ட்டை 600 ஆக்க எந்த கன்வெர்ட்டர்?

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் திரும்பவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் கடைமடையில் ஒரு 5 குதிரைத்திறன் பம்புசெட்டை ஹைட்ரஜன் வாயுவிலிருந்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்தால் ஓட்ட முடியுமா? இடையில் வைக்கும் கன்வெர்ட்டர், அதாவது வோல்ட்டை உயர்த்தித் தரும் சுற்று, சரியாக அமைந்தால் முடியும்.

இந்த மின்கலத்தின் ஒரு செல் சுமையின்போது 0.6 முதல் 0.7 வோல்ட் வரைதான் தரும். 48 செல்களை அடுக்கினால் 30 வோல்ட்டையொட்டி நிற்கும். 415 வோல்ட் மும்முனை மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டருக்கோ (நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் கருவி) 600 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். 5 கிலோவாட் எடுத்தால் மின்கலப் பக்கம் 165 ஆம்பியர் பாயும். இந்த 165-ஐ மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

வோல்ட்டை உயர்த்தும் சாதாரண பூஸ்ட் கன்வெர்ட்டரில் ஒரு சோக் (கம்பிச்சுருள்), ஒரு மாஸ்ஃபெட் (மின்னணுச் சுவிட்ச்), ஒரு டையோடு, ஒரு மின்தேக்கி. விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் 20 மடங்கு உயர்த்த, ஒவ்வொரு சுழற்சியிலும் 95 சதவீத நேரம் மாஸ்ஃபெட் கடத்தும் நிலையில் மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டும். பாதையில் 10 மில்லி ஓம் தடை இருந்தாலே சுமார் 270 வாட் வெப்பமாகப் போகும். அதே மாஸ்ஃபெட் 600 வோல்ட்டையும் தாங்க வேண்டும். உயர் வோல்ட் வகைகளுக்குத் தடையும் அதிகம். இந்த வேலைக்கு இதைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

இரண்டு பூஸ்ட்களை இணையாக வைத்து, அவற்றின் மாஸ்ஃபெட்களை மாற்றி மாற்றி இயக்கும் முறை அடுத்தது. மின்னோட்டம் பாதியாகப் பிரிகிறது, மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் மின்னோட்ட அலைவும் தணிகிறது. அலைவு முழுதாக மறைவது மாஸ்ஃபெட் கடத்தும் நேரம் 50 சதவீதமாக இருக்கும்போதுதான். செல்போன் கோபுரத்தின் 48 வோல்ட் பேட்டரிக்கு இதே 30 வோல்ட்டிலிருந்து 54 வோல்ட் கொடுக்க 44 சதவீதம் போதும் என்பதால், அங்கே இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. பம்புசெட்டில் அதே 95 சதவீதச் சிக்கல் மீண்டும் வந்து நிற்கும்.

என் தேர்வு, உள்ளே நுழையும் மின்னோட்டத்தைச் சோக் சீராக்கி, ஃபெரைட் உள்ளகம் கொண்ட மின்மாற்றி வழியாக வோல்ட்டை உயர்த்தும், நான்கு மாஸ்ஃபெட்கள் கொண்ட முழுப்பால அமைப்பு. வோல்ட்டைப் பல மடங்கு உயர்த்தும் சுமையை மின்மாற்றிச் சுருள்களின் சுற்று எண்ணிக்கை விகிதமே ஏற்றுக்கொள்கிறது. அதனால் மின்கலப் பக்க மாஸ்ஃபெட்கள் 100 வோல்ட்டையொட்டிய, தடை மிகக் குறைந்த வகையாக இருக்கலாம். உப்புக்காற்று வீசும் நாகப்பட்டினம் கரையோரத்தில் விசிறி இல்லாத மூடிய பெட்டிதான் நிலைக்கும். அதற்குள் ஒவ்வொரு வாட் இழப்பும் சூடாகத் தங்கும். ஈரவயலில் நிற்பவருக்கு, மின்கலப் பக்கமும் மோட்டார் பக்கமும் மின்தொடர்பின்றிப் பிரிந்திருப்பது கூடுதல் பாதுகாப்பு. நில இணைப்பை அதற்காக விட்டுவிடக் கூடாது.

இதன் கஷ்டம் மின்மாற்றியின் கசிவுத் தூண்டலில், அதாவது ஒரு சுருளின் காந்தப்புலம் மற்றதை முழுதாகச் சேராததில், இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் அது எழுப்பும் திடீர் வோல்ட் உயர்வு மாஸ்ஃபெட்டைப் பழுதாக்கிவிடும். முதன்மைச் சுருளைச் செப்புத் தகட்டால் சுற்றி, துணைச்சுருளோடு அடுக்கடுக்காக இடைசேர்த்தால் கசிவு வெகுவாகக் குறையும். எஞ்சியதை, வோல்ட்டை வரம்புக்குள் நிறுத்தும் கிளாம்ப் சுற்று விழுங்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் மின்கலத்துக்கான வாயு வரத்து உடனே அதிகரிக்காது என்பதால், அந்த இடைவெளியை ஈடுகட்ட 600 வோல்ட் பக்கத்தில் ஒரு சிறிய பேட்டரியும் இருப்பது நல்லது.