வெங்காய வேர்நுனியா, ஏம்ஸ் சோதனையா: தருமபுரிக் கல்லூரி ஆய்வகத்துக்கு எது பொருந்தும்?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக் கல்லூரி ஒன்றின் உயிரியல் துறை, ஆழ்துளைக் கிணற்று நீரையோ மாந்தோப்பில் தெளிக்கும் பூச்சிமருந்தையோ எடுத்து, அது மரபுப்பொருளைச் சிதைக்கிறதா என்று அறிய விரும்பினால், ஏம்ஸ் சோதனையும் வெங்காய வேர்நுனிச் சோதனையும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒன்றில் கண்டதை மற்றொன்றின் சொற்களில், அதாவது வெங்காயத்தில் கண்ட குரோமோசோம் சிதைவைச் ‘சடுதிமாற்றம்’ (மரபணுவில் நேரும் மாற்றம்) என்று, எழுதிவிடும் பழக்கம் எனக்குப் பெருங்கவலை தருகிறது.

1970களில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கிய சோதனையில், ஹிஸ்டிடின் இல்லாமல் வளர முடியாத சால்மோனெல்லா பாக்டீரியாக்கள் பயன்படுகின்றன. சோதிக்கும் பொருளால் சடுதிமாற்றம் நேர்ந்து, அவை ஹிஸ்டிடினைத் தாமே தயாரிக்கும் திறனை மீண்டும் பெற்றால், ஊடகத்தில் கூட்டங்களாக வளரும், அவற்றை எண்ணிவிடலாம். எலியின் ஈரலிலிருந்து எடுக்கும் எஸ்9 என்ற நொதிக் கலவையையும் சேர்ப்பதால், உடலுக்குள் சென்று மாறிய பிறகே தீங்கு செய்யும் பென்சோபைரீன் போன்றவையும் பிடிபடும். ஆனால் எஸ்9 கலவைக்கு மைனஸ் 80 பாகை உறைநிலைப் பெட்டியும், சால்மோனெல்லா நோய்க்கிருமி என்பதால் அதைக் கையாளத் தக்க பாதுகாப்பும் வேண்டும்.

வெங்காயத்துக்கு நல்ல நுண்ணோக்கி ஒன்றே பெருஞ்செலவு. ஒரே குத்தில் விளைந்த சின்ன வெங்காயப் பற்கள் மரபளவில் ஒத்தவை என்பதால், பெரிய வெங்காயத்தைவிட அவையே மேல் என்பேன். காய்ந்த பழைய வேர்களைச் சுரண்டி, நீரில் புதுவேர் விட்டபின் சோதனைக் கரைசலுக்கு மாற்றி, நுனியில் ஓரிரு மில்லிமீட்டரை வெட்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்த்தால், 16 குரோமோசோம்களும் பிரியும்போது பாலம்போல் இழுபடுவதும், ஒன்றிரண்டு பின்தங்கி நுண்ணுட்கருவாக ஒதுங்குவதும் தெளிவாகத் தெரியும்.

வேறுபாடு கோல்சிசினில் நன்கு விளங்கும். செங்காந்தளில் உள்ள இந்தப் பொருள், உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழைகளைக் குலைப்பது. 1938இல் ஆல்பர்ட் லெவன் இதன் விளைவை வெங்காய வேரில்தான் கண்டார். பாக்டீரியாவில் கதிர்கோலே இல்லாததால் ஏம்ஸ் சோதனையில் இதனைக் காண முடியாது. நம் மாவட்ட நீரில் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஃபுளோரைடும் அத்தகையதே: பாக்டீரியாச் சோதனைகளில் பொதுவாகச் சடுதிமாற்றம் காட்டாத அது, வளர்ப்பு ஊடகத்தில் உள்ள பாலூட்டி உயிரணுக்களில் உயர்ந்த செறிவில் குரோமோசோம் சிதைவை ஏற்படுத்தியதாகப் பதிவுகள் உண்டு.

மூன்றாவது முறையான வால்மீன் சோதனை (comet assay) டி.என்.ஏ. இழை முறிவைக் காட்டும். அம்முறிவுகளில் பல பின்னர் உயிரணுவாலேயே சீர்செய்யப்படுவதால், அதுவும் சடுதிமாற்றத்துக்குச் சான்றாகாது.

ஆகவே இங்குள்ள ஆய்வகம் வெங்காயத்தில் தொடங்குவதே சரி. ஆனால் முடிவை ‘குரோமோசோம் பிறழ்ச்சி’ என்று மட்டும் எழுத வேண்டும். பூச்சிமருந்தானால், வெங்காயத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டாலும், எஸ்9 வசதியுள்ள வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஒப்பீட்டுக்கு வைக்கும் வெங்காயத்தை மட்டும் கல்லூரிக் குழாய்நீரில் வளர்க்கக் கூடாது. அந்த நீரிலேயே ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும்.