சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு: வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு குடித்தனக்காரியின் விமர்சனம்

வேலூருக்கு மாற்றலாகி வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, காட்பாடியில் வீடு பார்க்கலாமா சத்துவாச்சாரியில் பார்க்கலாமா என்பதுதான். வி.ஐ.டி. பல்கலைக்கழகத்திலோ ரயில்வேயிலோ வேலை என்றால் காட்பாடிப் பக்கமே பாருங்கள், தினமும் பாலாற்றுப் பாலத்து நெரிசலில் நிற்க வேண்டாம். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்றால் யோசிக்காமல் சத்துவாச்சாரி, அதிலும் வீட்டு வசதி வாரியம் கட்டிய ஹவுசிங் போர்டு. நான் 2003இல் இங்கே வாடகைக்கு வந்தேன். நகராட்சியாக இருந்த சத்துவாச்சாரி வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்த 2011ஆம் வருஷம், அதே தெருவில் ஒரு பழைய எல்.ஐ.ஜி. வீட்டை, அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கு வாரியம் கட்டிய வீட்டை, வாங்கினோம். அதனால் வாடகைக்கு இருந்தவள், சொந்தக்காரி என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சத்துவாச்சாரி என்பது ஒரே இடம் இல்லை. பழைய கிராமம் ஒன்று, அதைச் சுற்றி வீட்டு வசதி வாரியம் கட்டிய குடியிருப்புகள், அப்புறம் தனியார் மனைகள். வாரியக் குடியிருப்புகளை ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்று எண்ணிட்டுத்தான் சொல்வார்கள். ஆட்டோவில் ஏறி வெறுமனே சத்துவாச்சாரி என்றால் "எந்த ஃபேஸ்க்கா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும், அதைத் தெரிந்துகொள்ளாமல் ஏறினால் சுற்றோ சுற்று என்று சுற்ற வேண்டியதுதான்.

தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961இல் வந்தது. வருமானத்தைப் பார்த்து எல்.ஐ.ஜி. (குறைந்த வருமானம்), எம்.ஐ.ஜி. (நடுத்தர வருமானம்), எச்.ஐ.ஜி. (உயர் வருமானம்) என்று வீடு பிரித்து, விண்ணப்பித்தவர்களுக்குக் குலுக்கல் போட்டு, தவணையில் கட்டச் சொல்லி ஒதுக்குவார்கள். இதில் பட்டியல் இனத்தவர், அரசு ஊழியர், முன்னாள் ராணுவத்தினர் என்று தனித்தனிப் பங்கும் உண்டு. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் தெருவின் குணமே அந்தக் குலுக்கலில் இருந்து வந்ததுதான். ஊர்த்தெருவில் உங்கள் பக்கத்து வீடு பெரும்பாலும் உங்கள் சொந்தக்காரர் வீடாக இருக்கும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை, சீட்டு தேர்ந்தெடுத்தது. எங்கள் வரிசையில் ஒரு பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற சுபேதார், சி.எம்.சி.யில் நர்ஸாக இருந்த ஒரு அக்கா, வீட்டில் உருது பேசுகிற பாய் குடும்பம், தெலுங்கு பேசுகிற ஒரு குடும்பம் என்று வந்து சேர்ந்தது அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே அளவு வீடு, ஒரே மாதிரி தவணை, அதனால் யாரும் யாரிடமும் பெருமை பேச முடியவில்லை என்று டீச்சரம்மா சொல்வார்.

இந்த ஊருக்கு வேறொரு பழைய வரலாறும் இருக்கிறது, இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் பலருக்கு அது தெரியாது. வேலூரைப் பற்றி நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று சொல்வார்களே, அந்தச் சாமி இல்லாத காலமெல்லாம் கோட்டை ஜலகண்டேஸ்வரர் இருந்தது எங்கள் சத்துவாச்சாரியில்தான். படையெடுப்புக்குப் பயந்து கோட்டைக்கு வெளியே கொண்டுவந்த லிங்கத்தை இங்கே பிள்ளையார் கோயிலில் வைத்துப் பல தலைமுறை பூஜை செய்திருக்கிறார்கள். 1981 மார்ச் 16 அன்றுதான் மறுபடியும் கோட்டைக்குள் பிரதிஷ்டை நடந்தது. எங்கள் பால்காரத் தாத்தா பழைய ஊர்க்காரர், "சாமி நம்மகிட்ட தங்கியிருந்தாரும்மா, பத்திரமா கொண்டுபோய் விட்டோம்" என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் சொல்வது போலச் சொல்வார். கோட்டைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வரும்.

சரி, வீட்டுக்கு வருவோம். பழைய எல்.ஐ.ஜி. வீடு சின்னது, இரண்டு அறையும் சமையலறையும்தான், ஆனால் பின்னால் விட்டிருக்கிற இடத்தில் ஒரு முருங்கையும் துவைக்கிற கல்லும் தாராளமாக இருக்கும். பலர் அந்த இடத்தையும் சேர்த்துக் கட்டி மேலே இரண்டு மாடி எழுப்பிவிட்டார்கள், அப்படிப்பட்ட வீட்டில் நடு அறைக்குப் பகலிலேயே லைட் போட வேண்டும். வாடகைக்குப் பார்க்கிறவர்கள் பின்பக்கம் திறந்த இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் அப்புறம் பார்க்கலாம். மேல்மாடி வேண்டவே வேண்டாம் என்பேன். ஏப்ரல், மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் அனல் விடும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய குறை. காவிரிக் குடிநீர் குழாயில் வருகிறது, ஆனால் தினமும் வராது, வருகிற நேரமும் நம் கையில் இல்லை. சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, இல்லாத வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, துணி துவைக்கலாம், பருப்பு வேகாது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது தெருவே கிளம்பிப்போய்ப் பார்த்தது, என் பெண் அதுவரைக்கும் அந்த ஆற்றில் மணலைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை. அடுத்த கோடையில் எங்கள் போர் வற்றவில்லை.

இந்தத் தண்ணீர் விஷயத்தில்தான் தெரு எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. மாமனார் தவறியபோது ஊருக்குப் போய் பதினாறு நாள் அங்கேயே இருந்தோம். சாவியை எதிர்வீட்டு பாய் வீட்டில் கொடுத்திருந்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும்தான். திரும்பி வந்து சம்ப் மூடியைத் தூக்கினால் கழுத்துவரை தண்ணீர். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தபோதெல்லாம் அந்த வீட்டுப் பையன் வந்து வால்வைத் திறந்து, நிரம்பும்வரை காத்திருந்து மூடிவிட்டுப் போயிருக்கிறான். "காரியம் முடிஞ்சி வருவீங்க, வீடு கழுவணும், தலைக்கு ஊத்தணும், தண்ணி வேணாமா அக்கா?" என்று அவன் அம்மா கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை.

குறை சொல்லாமல் விட முடியாத இன்னொன்று, பாதாள சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்ட காலம். ஒரு ஒப்பந்தக்காரர் பள்ளத்தைச் சரியாக மூடாமலே போய்விட்டார், மழையில் மண் இறங்கி என் அம்மா அதில் கால் வைத்துக் கணுக்கால் முறிந்தது. தூக்கியது நர்ஸ் அக்கா, கட்டை வைத்துக் கட்டியதும் அவரே. மறுநாள் சுபேதார் ஐயா ஒரு டிராக்டர் மண் வரவழைத்து, தெரு ஆண்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளத்தைத் தூர்த்தார். யாரும் அந்தச் செலவுக்குக் கணக்குக் கேட்கவில்லை.

போக்குவரத்து பற்றி ஒரே வார்த்தை, பிரச்சினையே இல்லை. ஷேர் ஆட்டோவில் காகிதப்பட்டறை வழியாக சி.எம்.சி.க்குப் போய்விடலாம், சென்னை பெங்களூர் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த நெடுஞ்சாலையைப் பிள்ளைகள் தனியாகக் கடக்க வேண்டாம், பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று பார்த்து வீடு எடுங்கள். காய்கறிக்குத் தள்ளுவண்டி வாசலுக்கே வரும். சீசனில் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் வந்தால் விடாதீர்கள், அதற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: விற்கிறவர் பெயரில் இருக்கிற பத்திரம் மட்டும் போதாது, முதல் ஒதுக்கீட்டுதாரருக்கு வாரியம் விக்கிரயப் பத்திரம் போட்டுக் கொடுத்ததா என்று கேளுங்கள். தவணை முடிந்த பிறகுதான் அந்தப் பத்திரம் வரும். அது வராமலே வெறும் பவர் பத்திரத்தில் (இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரம்) இரண்டு கை மாறிய வீட்டைத் தொட்டால் வருஷக்கணக்கில் அலைய வேண்டும், நாங்கள் பார்த்த முதல் வீட்டை அதற்காகவே விட்டோம். வில்லங்கச் சான்று பழைய காலத்துக்கும் சேர்த்துப் போடுங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரை தண்ணீருக்காகக் குறைத்தது. எங்கள் வரிசையில் டீச்சரம்மா மகனோடு சென்னைக்குப் போய்விட்டதால் அவர் வீட்டுக் கீழ்ப்பகுதி காலியாக இருக்கிறது, பின்னால் முருங்கை மரமும் சம்ப்பும் உண்டு. சாவி பாய் வீட்டில் இருக்கிறது. காட்டிவிட்டு டீ குடிக்காமல் அனுப்ப மாட்டார்கள், அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள்.