ஸ்லைடோவும் மென்டிமீட்டரும்: விரிவுரையின் நடுவே பெயர் சொல்லாமல் கேட்பதற்கு

விரிவுரையின் நடுவில் "புரிகிறதா?" என்று கேட்டால் முன்வரிசையில் நான்கைந்து தலைகள் அசையும், மற்றவர்கள் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருப்பார்கள். பெரிய வகுப்புகளில் அந்தத் தலையசைப்பை நம்பித்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டியிருக்கிறது. மாணவர்கள் பெயரை வெளியிடாமல், கைப்பேசியிலிருந்தே கேள்வி அனுப்பவும் விடையைத் தேர்ந்தெடுக்கவும் உதவும் ஸ்லைடோ, மென்டிமீட்டர் ஆகிய இரண்டையும் இயற்பியல் விரிவுரைகளில் பயன்படுத்திப் பார்த்தேன். கேள்விகளைப் பெற ஸ்லைடோ, வாக்கெடுப்புக்கு மென்டிமீட்டர் என்பது என் தேர்வு. ஆனால் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிட அதன் அமைப்புகளை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் பயன் அதிகம் அடங்கியிருக்கிறது.

வகுப்பில் இணைவது இரண்டிலும் எளிது. திரையில் தெரியும் குறியீட்டு எண்ணைத் தட்டினாலோ கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்தாலோ போதும். மாணவர் கணக்குத் தொடங்கவோ செயலியை நிறுவவோ தேவையில்லை.

ஸ்லோவாக்கியாவில் உருவாகி, 2021இல் சிஸ்கோ நிறுவனத்தின் கைக்கு வந்த ஸ்லைடோவின் பலம் அதன் கேள்விப் பட்டியல். ஒருவர் அனுப்பிய கேள்விக்கு மற்றவர்கள் ஆதரவு வாக்கு அளிக்கலாம் என்பதால், பலருக்கும் உள்ள சந்தேகம் தானாகவே மேலே வந்து நிற்கிறது. அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது: முதல் பத்து நிமிடங்களில் வந்த கேள்விக்கு வாக்குகள் சேர நேரம் கிடைக்கிறது, கடைசியில் வந்த கூர்மையான கேள்வியோ பட்டியலின் அடியில் கிடக்கிறது. ஆதலால் அவ்வப்போது 'அண்மையில் வந்தவை' என்ற வரிசைக்கு மாற்றிப் பார்ப்பது அவசியம். பட்டியலைத் திரையில் ஓடவிடாமல் என் கணினியில் மட்டும் வைத்துக்கொண்டு, தலைப்பு மாறும் இடத்தில் நிறுத்திப் படிப்பதே எனக்குச் சரிப்பட்டு வந்தது. திரையில் ஓடும் பட்டியல், பாடத்தைவிட வேடிக்கைக் கேள்விகளுக்கு மேடையாகிவிடுகிறது.

மென்டிமீட்டரில் வாக்கெடுப்பைத் தயாரிப்பதும் திரையில் காட்டுவதும் இன்னும் இலகுவாக இருக்கின்றன. மேல்நோக்கி எறியப்பட்ட பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் எவ்வளவு என்ற பழைய கேள்வியை எடுத்துக்கொள்வோம். திசைவேகம் சுழியாகிவிடுவதால் முடுக்கமும் சுழிதான் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது கீழ்நோக்கி விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் என்ற அளவில் மாறாமலே இருக்கிறது. கையைத் தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தூக்குகிறவர்கள், கைப்பேசியில் தங்கள் மனத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்கு முடியும்வரை முடிவுகளை மறைத்துவைக்கும் வசதியைக் கட்டாயம் இயக்க வேண்டும். இல்லையெனில் வளர்ந்துகொண்டே போகும் பட்டையின் பக்கம் மற்றவர்களும் சாய்ந்துவிடுவார்கள், பெயர் மறைத்ததற்குப் பலன் இருக்காது.

முடிவு வந்தபின் என்ன செய்வது என்பதற்கு, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் நடத்திவந்த கற்பித்தல் முறை நல்ல வழிகாட்டி. சரியான விடை தந்தவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், அருகில் இருப்பவருடன் விவாதிக்கச் சொல்லி மறுபடியும் வாக்கெடுக்கலாம். அதற்கும் குறைவென்றால் பாடத்தையே மீண்டும் விளக்க வேண்டும். இந்த இரண்டாம் சுற்று இல்லாத வாக்கெடுப்பு வெறும் அலங்காரம் என்பது என் கருத்து.

பெயர் மறைப்பு விஷயத்தில் மாணவர்களின் ஐயம் நியாயமானதே. ஸ்லைடோவில் மாணவர் விரும்பினால் பெயரைத் தரலாம், விரும்பாவிட்டால் பெயரின்றியே கேட்கலாம். ஆனால் நிகழ்வை நடத்துபவர் பெயரைக் கட்டாயமாக்கவும் முடியும். கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற படிவத்தில், ஒருவர் ஒரு முறைதான் நிரப்பலாம் என்று வைத்தாலே கணக்கில் உள்நுழையச் சொல்கிறது. மின்னஞ்சல் முகவரி சேகரிக்கப்படாவிட்டாலும், அதைப் பார்க்கும் மாணவர் தன் பெயர் பதிவாகிறது என்றே எண்ணிக்கொள்வார். எனவே எது தெரியும், எது தெரியாது என்பதை முதல் வகுப்பிலேயே ஆசிரியர் தமக்குத் தெரியும் திரையைக் காட்டி விளக்கிவிடுவது நல்லது.

இரண்டின் இலவசத் திட்டங்களிலும் வரம்புகள் உண்டு; பெரிய வகுப்புக்கு முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து பேர் மட்டுமே உள்ள வகுப்புக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே எழுத்து நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வகுப்பு முடிவில் 'இன்று எது தெளிவாகவில்லை?' என்று கேட்டு, அதற்குரிய தெரிவுகளை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்து, குறியிட்டுப் பெட்டியில் போடச் சொல்வதே போதுமானது.