நிஷி கசாயா, ஃபுனபோரியா: வாடகை வீட்டுக்கு எது?

டோக்கியோவின் எதோகவா வட்டத்தில் வீடு தேடியபோது கடைசியில் மிஞ்சியவை இந்த இரண்டு ரயில் நிலையங்கள்தான். நாங்கள் நிஷி கசாயில் குடியேறிவிட்டோம். ஃபுனபோரியில் நண்பர் வீட்டில் ஒரு மாதம் தங்கியதோடு சரி. என் சாய்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டே படியுங்கள்.

ரயிலைப் பொறுத்தவரை ஃபுனபோரிக்கே வெற்றி. ஷின்ஜுகு தடத்தில் விரைவு வண்டியும் அங்கே நிற்கும். நிஷி கசாயில் தோசாய் தடத்தின் விரைவு வண்டி நிற்காமல் பறந்துவிடும். 2019 கணக்கில், அந்தத் தடத்தின் கிபா–மொன்சென் நகாச்சோ பகுதியில் காலை நெரிசல் வண்டியின் கொள்ளளவில் 199 விழுக்காடு. நகர மையத்தின் அலுவலகப் பகுதியான ஓதேமாச்சிக்கு வண்டி மாறாமல் போகலாம் என்பது மட்டுமே ஆறுதல். 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலுக்காக வந்த இந்தியப் பொறியாளர்கள் இங்கே தங்க அதுவும் ஒரு காரணம். இட்லி அரிசியும் கறிவேப்பிலையும் நடந்து போகும் தூரத்தில் கிடைப்பது அவர்கள் புண்ணியம்.

வெள்ள அபாயத்தில் இரண்டும் ஒன்றே. தாழ்நிலம், மாடி வீடாகப் பாருங்கள்.

எங்களுக்கு முடிவைத் தந்தது வேறு: திரும்பி வராத பணம். ஃபுனபோரியில் பார்த்த தனியார் வீட்டுக்கு வாடகை 1,20,000 யென். அதற்கு மேல் 'ரெய்கின்' என்று வீட்டுக்காரருக்கு ஒரு மாதக் காணிக்கை, தரகருக்கு ஒரு மாதம், இரண்டு ஆண்டு கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மாதம். ஆக 3,60,000 யென் போனது போனதுதான். வாடகைக்குப் பொறுப்பேற்கும் ஜாமீன் நிறுவனத்தின் கட்டணம் தனி. வெளிநாட்டவர் என்றதும் ஒரு தரகர் கோப்பை மூடியதையும் மறக்கவில்லை.

நிஷி கசாயைச் சுற்றி அரசு சார்ந்த யூ.ஆர். அமைப்பின் அடுக்ககங்கள் பல இருக்கின்றன: கோஜிமாச்சோ, சேய்ஷின்சோ என்று. காணிக்கை, தரகு, புதுப்பிப்புக் கட்டணம், ஜாமீன் எதுவும் கிடையாது. முன்பணம் இரண்டு மாத வாடகை. காலி செய்யும்போது பழுதுச் செலவு போக மீதி திரும்ப வரும். வருமானச் சான்று காட்ட வேண்டும். கட்டடங்கள் பழையவை, எங்கள் சமையலறையில் இருவர் சேர்ந்து நின்றால் ஒருவர் வெளியே வந்தாக வேண்டும். ஃபுனபோரிப் பக்கம் யூ.ஆர். வீடு அமைந்தால் என் கணக்கு மாறும். நாங்கள் தேடிய வாரங்களில் அமையவில்லை.

நண்பர் சனிக்கிழமைதோறும் சைக்கிளில் இங்கே மளிகை வாங்க வருகிறார். பதிலுக்கு நாங்கள் அவர் ஊருக்குப் போய், டவர் ஹால் கோபுரத்தில் காசில்லாமல் ஏறி ஃபுஜி மலையைத் தேடுகிறோம்.