தடை, அறிவிப்பு, கண்டுபிடிப்பான்: வன்னி ஆய்வாளருக்கு எது பொருந்தும்?

வன்னியின் பல்கலைக்கழக வளாகங்களான பம்பைமடுவிலோ அறிவியல்நகரிலோ இருக்கும் ஓர் இளம் விரிவுரையாளர் ஆங்கில ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு நீர் பங்கிடப்படும் விதம் பற்றிய ஆய்வு. தரவெல்லாம் கமக்காரர் வாயால் தமிழில் சொன்னவை. கட்டுரை மட்டும் ஆங்கிலத்தில் போக வேண்டும். சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு எழுத்துக் கருவியை எந்த அளவுக்குத் தொடலாம்? பதிப்புலகத்தில் இதற்கு மூன்று வகைப் பதில்கள் உலாவுகின்றன. மூன்றையும் இந்த ஒருவரை வைத்தே பார்ப்போம்.

ஒரு விஷயத்தில் சண்டை இல்லை. கருவியை ஆசிரியராகப் போடக்கூடாது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த கையோடு சிலர் அதையும் ஆசிரியர் வரிசையில் சேர்த்துப் பார்த்தார்கள். 2023 ஜனவரியில் நேச்சர் இதழ் அதை மறுத்தது. பதிப்பு நெறிமுறைக் குழுவான கோப் பெப்ரவரியில் அதையே சொன்னது. பிழை வந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

முதல் பதில் முழுத் தடை. சயன்ஸ் இதழ் 2023 ஜனவரியில் இப்படித்தான் தொடங்கியது: கருவி எழுதிய வரிகளுக்கு இடமில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள், நவம்பரில், தானே இறங்கி வந்தது. பயன்படுத்தலாம், ஆனால் எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன கட்டளை கொடுத்தீர்கள் என்று எழுதிவிட வேண்டும் என்றது. தடையில் குழப்பம் இல்லை என்பது உண்மை. ஆனால் அது யாரைக் கடிக்கிறது? காசு கொடுத்து ஆங்கிலம் திருத்துவிக்கக் கூடியவரை அது தொடாது. நம் விரிவுரையாளரின் சம்பளத்தில் அந்தச் சேவைக்கு ஏது இடம்? தெரிந்த ஒரு பேராசிரியரின் ஓய்வு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது அறிவிப்பு. இன்று பெரும்பாலான பதிப்பகங்கள் நிற்பது இங்கே. எல்சேவியர் உசாத்துணைப் பட்டியலுக்கு முன்னால் ஒரு தனிப் பந்தி கேட்கிறது; வெறும் எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை திருத்தியதற்கு அது வேண்டாம். ஸ்பிரிங்கர் நேச்சர் இன்னும் தாராளம்: மனிதர் எழுதியதன் மொழியையும் நடையையும் சீராக்கியதை அறிவிக்கவே தேவையில்லை என்கிறது. நம்மவருக்கு இது வசதி. ஆனால் தமிழில் எழுதிய வரைவை அப்படியே கருவியிடம் கொடுத்து ஆங்கிலமாக வாங்கினால் அது வெறும் மெருகு இல்லை. தயங்கித் தயங்கிச் சொன்ன முடிவு அங்கே உறுதியான முடிவாகிவிடலாம். இதை அறிவித்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. உசாத்துணைகளையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டும். வன்னிக் குளங்கள் பற்றி ஆங்கிலத்தில் வந்தவை குறைவு. இப்படிப்பட்ட இடத்தில்தான் கருவி, உலகில் இல்லவே இல்லாத கட்டுரைக்கும் தலைப்பும் ஆண்டும் வைத்துக் கொடுக்கும்.

அறிவித்துவிட்டால் பாவம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 2024 பெப்ரவரியில் ஃபிரன்டியர்ஸ் இதழொன்றில் உறுப்புகள் தாறுமாறாகப் பெருத்த எலிப் படத்துடன் ஒரு கட்டுரை வந்து உலகமே சிரித்தது. படங்கள் மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுப் படக் கருவியில் செய்தவை என்று ஆசிரியர்கள் கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள்! மீளாய்வாளர்களைத் தாண்டி அச்சேறி, சில நாட்களில் மீளப்பெறப்பட்டது.

மூன்றாவது, எழுதியது மனிதரா இயந்திரமா என்று ஊகித்துச் சொல்லும் கண்டுபிடிப்பான் மென்பொருளை வைத்துப் பிடிப்பது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: மூன்றில் இதுதான் மோசம். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் 7 கண்டுபிடிப்பான்களிடம், ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். சராசரியாக 61 வீதத்துக்கும் மேல் இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுவோரை இவை சந்தேகிக்கின்றன. நாம் அப்படித்தான் எழுதுகிறோம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ தன் சொந்தக் கண்டுபிடிப்பானையே துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அப்புறமும் ஒரு சதவீத எண்ணைக் காட்டி மாணவரின் கட்டுரையைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

சரி, அறிவிப்பே போதுமா என்றால், வன்னியில் போதாது. மூன்று பதில்களுமே கருவியிலிருந்து வெளியே வந்ததைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகின்றன. எனக்குப் பெரிய கவலை உள்ளே போடப்படுவது. நீர்ப் பங்கீடு பற்றிக் கேட்கப் போனாலும் பேச்சு அதோடு நிற்காது. முறை தவறி மதகைத் திறந்தவர் யார், 2009க்குப் பிறகு இன்னும் திரும்பக் கிடைக்காத காணி, திரும்பி வராத மகன் என்று எங்கெங்கோ போகும். ஆய்வுக் குழுவைத் தவிர வேறு யாருக்கும் போகாது என்று சொல்லித்தான் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கினோம். அந்தப் பதிவை, மொழிபெயர்க்க வேண்டும், சுருக்க வேண்டும் என்று எங்கேயோ உள்ள வழங்கியில் ஏற்றினால் அந்த வாக்கு அந்த இடத்திலேயே முறிந்தது. பெயரை நீக்கினாலும் சிறிய கிராமத்தில் ஆளைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கட்டுரையின் கடைசியில் எழுதும் அறிவிப்பு அந்தக் கமக்காரருக்கு எதையும் திருப்பித் தராது.

மீளாய்வுக்கு வரும் பிறர் கட்டுரையும் இதே வகைதான். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, இரகசியம் காக்க உத்தரவாதமில்லாத கருவியில் அதை ஏற்றக்கூடாது என்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் தன் நிதி விண்ணப்பங்களின் மீளாய்வில் இக்கருவிகளை 2023 ஜூனிலேயே தடுத்தது. ஆனாலும் ஏற்றுகிறார்கள் போலும். இல்லையென்றால், 2025இல் செய்தியானதுபோல், நல்ல மதிப்பீடு மட்டும் கொடு என்று கருவியின் கண்ணுக்கு மட்டும் படும் கட்டளையை, மீளாய்வுக்கு முன்பே இணையத்தில் இடும் முன்அச்சுக் கட்டுரைகளுக்குள் யாராவது ஒளித்து வைப்பார்களா?

ஆகவே என் தெரிவு கலவையானது. உங்கள் சொந்த எழுத்துக்கு அறிவிப்பு, மற்றவர் நம்பித் தந்ததற்கு முழுத் தடை, கண்டுபிடிப்பான் வேண்டவே வேண்டாம். நேர்காணலை எழுத்தாக்க உதவி வேண்டுமென்றால், இணையம் இல்லாமல் சொந்தக் கணினியிலேயே ஓடும் திறந்தமூல மென்பொருள்கள் இருக்கின்றன. வன்னிப் பேச்சில் அவை விடும் பிழைகளை உட்கார்ந்து கையால் திருத்த வேண்டிவரும். இணையக் கருவிதான் வேண்டும் என்பவர்கள், அடுத்த களப்பணிக்குப் போகுமுன் ஒப்புதல் படிவத்தில் அதைத் தெளிவான தமிழில் ஒரு தனிக் கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்பவரின் பதிவைத் தனியாக எடுத்துவைக்க ஒரு கோப்புறையும் தேவை.